சூடாகாத காந்தம்

"காந்தம் சூடாகலையாம் மதினி!"

தேனியிலிருந்து சின்னமனூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் கையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று இருந்தது.

"எந்தக் காந்தம்?" என்றார் பக்கத்திலிருந்த உறவுக்காரப் பெண்.

"சீமையில எம்மகன் முருகேசன் செய்யுற காந்தந்தான். அணுத்துகள வேகமா ஓடவைக்கிற மிசினுக்காம். கண்ண மூடித் தொறக்குமுன்ன கரண்ட்ட ஏத்தி இறக்கணும். அந்த வேகத்துல கம்பி சூடாயிட்டா அம்புட்டும் பாழாம்."

"ஐஸ்ல வைக்க வேண்டியதுதான?"

"ஐஸெல்லாம் அதுக்கு வெந்நியாம். அப்பேர்ப்பட்ட குளிருக்குள்ள வச்சும் ரெண்டு தடவை சூடாயிருச்சு. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேலைய நிப்பாட்டிருவோம்னு பெரியவுக சொல்லிட்டாகளாம். அதுலருந்து மூணு மாசமா கடுதாசியே இல்ல. என்னமோ ஏதோன்னு கெடந்து தவிச்சேன்."

"இப்ப?"

"கம்பிய முடி மாதிரி சன்னமா இழைச்சு, முறுக்கிச் சுத்துனானாம். நாள் பூரா ஏத்தி இறக்கிப் பாத்தும் சூடு இல்லையாம். பெரியவரே வந்து கைகுடுத்தாராம்."

"பெறகென்ன மதினி, நிம்மதியா இருங்க."

வீரபாண்டி தாண்டுவதற்குள் அந்த அம்மாள் உறவுக்காரியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். டிக்கெட் போட வந்த கண்டக்டரிடம் உறவுக்காரி தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரெண்டு சின்னமனூர். சத்தம் போடாதீக. மூணு மாசங்கழிச்சு இப்பத்தான் கண்ணசந்திருக்காக."