இதோ வர்றேன் மேடம்

மேனேஜரும் செக்யூரிட்டியும் டிரையல் ரூம் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தபோது நான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். கலைந்த துணி கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது, சார். பழக்கதோஷம்.

அந்தக் கதவு இடித்தால் திறக்காது. வெளியிலிருந்து கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும். உள்ளேயிருந்து திறக்கவே வராது. அன்று காலை பெருக்கும்போதுதான் அந்தக் கோளாறு எனக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "தள்ளி நில்லுங்கக்கா" என்றார்கள். தள்ளி நின்றேன்.

கடையில் எல்லோருக்கும் நான் அக்கா. முதலாளிக்கும் அக்கா, அவர் மகளுக்கும் அக்கா. புதிதாகச் சேரும் பெண்களுக்கு மரியாதை சொல்லிக்கொடுப்பது என் வேலை. 'இல்லை', 'முடியாது' இரண்டும் வாயில் வரக் கூடாது. கஸ்டமர் கூப்பிட்டால், "இதோ வர்றேன் மேடம்." கை வேலையாக இருந்தாலும் வாய் பதில் சொல்லிவிட வேண்டும். ஒரு அலமாரியையே கலைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாலும் முகம் சுளிக்கக் கூடாது.

அந்த மேடம் அடிக்கடி வருபவர். என் மகள் வயதுதான் இருக்கும். யாரையும் கூப்பிட மாட்டார், சொடக்குப் போடுவார். பெண்கள் 'சொடக்கு மேடம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"அக்கா, உங்க ஆளு வந்தாச்சு. சொடக்குலயே தாளம் போடுது பாருங்க" என்று காதைக் கடித்துவிட்டு பில் போடும் பெண் சாப்பிடப் போனாள். மற்றவர்களும் போயிருந்தார்கள்.

"ஏய், இந்த நீலத்துல பெரிய சைஸ் எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

"இதுவா நீலம்? கண்ணு தெரியலன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே?"

"மன்னிச்சுக்கோங்க மேடம். எல்லாரும் என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"உன்னையா? துணி மடிக்கிறவ எல்லாம் எனக்கு அக்காவா? நல்லாயிருக்கே கதை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் கோபப்படவில்லை. அதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

கைப்பையை என் தோளில் மாட்டினார், ஹேங்கரில் மாட்டுவது போல. கோடியில் இருந்த டிரையல் ரூமுக்கு அழைத்துப் போனேன். மற்ற அறைகளும் காலியாகத்தான் இருந்தன. பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். பாட்டு இருந்தால் கஸ்டமருக்கு அலுப்புத் தெரியாது.

உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் சொடக்குச் சத்தம். பிறகு கதவைத் தட்டினார். "ஏய், கதவு சிக்கிக்கிச்சு. இந்தா, உன்னத்தான்!" அப்புறம் இருமல். "பையில... பம்ப் இருக்கு... மூச்சு விட முடியல..."

பையைத் திறந்து பார்த்தேன். மூச்சிரைப்புக்காரர்கள் வாயில் வைத்து அழுத்துவார்களே, அந்தச் சின்னப் பம்ப் மேலாகவே இருந்தது. கதவுக்கு அடியில் ஒரு கை நுழையும் இடைவெளி உண்டு. கதவைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டேன். அடுத்தவர் பொருளைத் தொடுவது நம் பழக்கமில்லை.

சொடக்கு நின்றது. தட்டுவதும் நின்றது. அதன் பிறகுதான், கதவின் அடியிலிருந்து, "அக்கா" என்றார். கூடப் பிறந்தவளைக் கூப்பிடுவது போலவே இருந்தது. "அக்கா... அக்கா..."

இத்தனை வருஷத்தில் அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் மரியாதை தவறவில்லை, சார். ஒவ்வொரு 'அக்கா'வுக்கும், கையிலிருந்த சட்டையை மடித்தபடியே, "இதோ வர்றேன் மேடம்" என்று பதில் சொன்னேன்.