பத்து அங்குலம்

பிளைவுட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பலகையின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விளிம்பை. அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அந்தப் பலகையில் ஸ்பீக்கர் பெட்டி செய்யக் கூடாது. பேஸ் அடிக்கும்போது பெட்டி கறகறக்கத் தொடங்கிவிடும். இது உங்களுக்குத் தேவையில்லாத கதை என்று தெரியும். காணாமற்போனவர்களின் விபரம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், அமலநாதனைப் பற்றிக் கேட்கிறீர்கள். பெட்டியை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை. தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

நான் சோதிலிங்கம். ஊர் சாவகச்சேரிப் பக்கம். எழுபத்துநாலில் றேடியோ திருத்தும் வேலைக்காகக் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அதை எரித்தார்கள். பாலத்துக்கு மறுபக்கம் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடமே அதே தெருவில் திரும்பவும் தொடங்கினேன். பிறத்தி ஊரில் இரண்டாம் தரம் கடை போடுகிறவனிடம் பெயரைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்காது. வான்களுக்குப் பாட்டுப் பெட்டி செய்கிற வேலை பிடிபட்டது. சோதியரின் பெட்டியில் ஒரு நூல் அளவுகூடப் பிசகாது என்று கலகெதரவிலிருந்தும் கெலிஓயாவிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். எனக்கு அது பெரிய சந்தோசம்.

தொண்ணூற்றெட்டுத் தை மாதம் கண்டியில் புத்தரின் பல் இருக்கிற மாளிகைக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு தமிழர் தெருவில் நடக்கிற நடையே மாறிப்போனது. அமலநாதன் வந்தது அந்தச் சித்திரையில். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கல்யாணங்களுக்கும் சுற்றுலாக்களுக்கும் ஒரு பழைய வானை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வயது. சிங்களம் அரைகுறை. யப்பான் காரிலிருந்து கழற்றிய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணை, என்னட்ட பெரிசா ஒண்டுமில்லை. ஆனா அடிச்சா நெஞ்சில தெரியவேணும். அப்பதான் ஹயர் பிடிக்கலாம்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் எழுதுங்கள். மூலையில் கிடந்த அம்பிளிபயரைத் திருத்திக் கொடுத்தேன். மிச்சம் கிடந்த பிளைவுட்டில் பெட்டி செய்வதென்று முடிவாயிற்று.

அதே மாதிரி ஸ்பீக்கருக்கு முன்னர் செய்த பெட்டி ஒன்று பரணில் இருந்தது. அதன் நீளத்தை அளந்து பலகை வெட்டினேன். என் அளவுநாடாவின் நுனித் தகடு தேய்ந்து ஆடும். அப்படியான நாடா வைத்திருக்கிற தச்சர்கள் பத்தாம் அங்குலக் கோட்டை விளிம்பில் வைத்து அளந்து, வருகிற அளவில் பத்தைக் கழிப்பார்கள். நானும் இருபது வருடமாகக் கழித்து வந்தவன்தான். அன்றைக்குக் கழிக்கவில்லை. கடைக்கு எதிரே ஆமி ட்ரக் ஒன்று நின்றிருந்தது, கண்ணும் காதும் அங்கே இருந்தன. பசை பூசி, மூட்டுகளுக்குச் சிலிக்கன் அடித்து, கார்ப்பெற் ஒட்டி, ஸ்பீக்கரைப் பூட்டிப் பாட்டைப் போட்டபோதுதான் விளங்கியது. பின்னால் காற்று அளவாக இருந்தால்தான் பேஸ் இறுக்கமாக வரும். இது ஈரச் சாக்கில் தடியால் அடித்ததுபோல் வந்தது. பெட்டி பத்து அங்குலம் நீளம் கூடிவிட்டது.

அமலநாதன் அடுத்த நாள் வருவதாக இருந்தது. வேறு பலகை இல்லை. ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே பத்து அங்குலம் தள்ளி ஒரு தடுப்பு வைத்து, காற்றுப் போகாமல் அடைத்தேன். பசை முடிந்துவிட்டதால் வெளிப் பலகையை நான்கு ஸ்குரூவால் பூட்டி, மேலே கார்ப்பெற்றை இழுத்து மூடினேன். பெரிய பெட்டியைச் சிறிதாக்க இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை இது. செய்தால் ஆளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை.

சத்தம் அருமையாக வந்தது. வானின் கண்ணாடிகள் நடுங்கின. அமலநாதன் சிரித்துக்கொண்டே, "றீற்றாவை இதில ஏத்தேலாது அண்ணை, பிள்ளை வயித்துக்குள்ளயே ஆடத் தொடங்கிடும்" என்றார். றீற்றா அவருடைய மனைவி. அப்போது ஐந்து மாதம்.

மூன்று கிழமை கழித்து, கண்டிக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் பெட்டியைத் துவக்குப் பிடியால் தட்டியிருக்கிறான். ஒரு கரையில் சத்தம் வேறுவிதமாகக் கேட்டிருக்கிறது. கார்ப்பெற்றை உரித்தார்கள். நான்கு ஸ்குரூ. கழற்றினால் உள்ளே ஒரு அறை. அதில் மரத்தூளைத் தவிர ஒன்றுமில்லை. இன்றைக்கு ஒன்றுமில்லை, நேற்று என்ன இருந்தது என்று கேட்டார்கள். அமலநாதனுக்கு அப்படியொரு அறை இருப்பதே தெரியாது. என் பெயரைச் சொன்னார்.

காலை பத்து மணியளவில் பொலிஸ் ஜீப் கடைக்கு வந்தது. அதிகாரி சத்தம் போடவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, இந்த அறை எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். கலகெதர ஹபீல் தன்னுடைய வானுக்குப் பெட்டி சொல்ல வந்து பக்கத்தில் நின்றார். கெலிஓயாவிலிருந்து வேலை கொண்டுவந்த இருவரும் நின்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

அளவு பிழைத்துவிட்டது, அதை மறைத்தேன் என்று சொன்னால் முடிந்திருக்கும்.

"அவர்தான் ஒரு அறை வைக்கச் சொன்னார். எதற்கென்று நான் கேட்கவில்லை" என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று கனகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எண்பத்துமூன்றைப் பார்த்தவன் பயப்படத்தானே செய்வான். கேட்கிறவர்களும் நம்புவார்கள். ஆனால் அந்த நேரம் என் கண் அதிகாரியில் இருக்கவில்லை, ஹபீலின் முகத்தில் இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். தமிழ் தெரிந்த ஆள் அன்றைக்கு இல்லை. என் சிங்களம் நல்லதென்று என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அமலநாதனின் உதடு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அவருடைய முகம் தெளிந்தது.

"எனக்கு அந்த அறையைப் பற்றி ஒண்டும் தெரியாது. செய்தவர் இவர்தானே. அண்ணை, நீங்களே விளங்கப்படுத்துங்கோ" என்றார்.

அறையைப் பற்றிப் பேச விரும்பவில்லையாம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அப்படியே எழுதினார்கள். கடையில் சொன்னதற்கு மாறாக அங்கே சொல்ல முடியுமா, யோசித்துப் பாருங்கள். தாளைக் கையெழுத்துக்கு அவர் முன்னால் வைத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"போடும் தம்பி, விட்டுவிடுவினம்" என்றேன்.

போட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் குடும்பத்தைக் கைவிடவில்லை. றீற்றா ஒவ்வொரு கிழமையும் வருவாள். பொலிசுக்கும் மறியல் சிறைக்கும் அவளோடு போனேன். மேலிடங்களுக்குச் சிங்களத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். "இந்த ஊரில எங்களுக்கு நீங்கள் ஒராள்தான் அண்ணை" என்பாள். ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். அவர் கடைக்கே வந்து, இப்படி அறை வைப்பது தொழிலில் வழக்கம்தான், இதை வைத்தது நான் என்று நீதிமன்றத்தில் சொன்னால் ஆளை வெளியே எடுத்துவிடலாம் என்றார். ஏன் வைத்தீர்கள் என்று அங்கே கேட்பார்களா என்று கேட்டேன். கட்டாயம் கேட்பார்கள் என்றார். எனக்கு வேலை நெருக்கடி என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். ஆவணியில் அமலநாதனைக் கொழும்புப் பக்கம் ஒரு முகாமுக்கு மாற்றினார்கள். ஐப்பசியில் நானும் றீற்றாவும் போய்க் கேட்டபோது, அப்படி ஒருவர் பதிவில் இல்லை என்றார்கள். அவள் வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். நான் சோடா வாங்கிக் கொடுத்துப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தேன். பெண் பிள்ளை பிறந்திருந்தது. பெயரும் என்னைத்தான் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

வழக்குச் சாமான் என்று வைத்திருந்த பெட்டியைப் பிறகு திருப்பித் தந்தார்கள். றீற்றா அதை வீட்டில் வைக்கப் பயந்து என்னிடம் கொண்டுவந்தாள். அந்தப் பத்து அங்குலத்தை அரிந்து எறிந்துவிட்டு, புதுக் கார்ப்பெற் ஒட்டி ஹபீலின் வானுக்குப் பூட்டிக் கொடுத்தேன். அவர் மெச்சினார்.

இதையெல்லாம் நான் சொன்னபடியே எழுதுங்கள். அமலநாதன் எந்த அறையும் கேட்கவில்லை. அவர் சொன்னதை மாற்றிச் சொன்னவன் நான், கையெழுத்துப் போட வைத்தவன் நான், சட்டத்தரணியைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். றீற்றாவுக்கும் பிள்ளைக்கும் இதை வாசித்துக் காட்டலாம். எனக்கு என்ன தண்டனை வந்தாலும் ஆட்சேபணை இல்லை, எழுபத்தாறு வயதாகிறது. தாளைத் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஆனால் அந்த அளவு பிழைத்த விஷயத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். கடை இன்னும் என் பெயரில்தான் நடக்கிறது.