ஆறாம் வகுப்பு ‘பி’ முதலிடம்

— லேப் கதவைச் சாத்திட்டு வாங்க மேடம். ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். தர்பூசணி வாசனை தலைக்கு ஏறுது.

— தம்பி, எனக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. நாளைக்குக் கூட்டத்துல கேடயம் கொடுக்கணும். எந்த வகுப்பு ஜெயிச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. நோட்டீஸ்ல பள்ளித் துணை முதல்வர்னு கையெழுத்துப் போட்டு ஒட்டிடறேன்.

— ஆறாவது பி.

— அப்படியா! ரொம்ப சந்தோஷம்.

— சந்தோஷத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. இது வேப், அதான் பழ வாசனை போட்ட எலக்ட்ரானிக் சிகரெட், ஊதற பசங்க அதைக் கொண்டாந்து போட்டுட்டு விட்டுத் தொலைக்கிறதுக்கு வெச்ச பெட்டி. அதுல ஜெயிச்சிருக்கறது ஆறாவது.

— இங்க பாருங்க, பெரிய பசங்களைவிடச் சின்னதுங்களுக்கு மனசாட்சி ஜாஸ்தி.

— இருக்கலாம். இது பன்னெண்டாம் வகுப்போட பெட்டி. உள்ள மொத்தம் ஒன்பது. எல்லாம் பழசு, வாய் வைக்கிற இடத்துல பல்லுத் தடம். இதுல ஒருத்தன் சீட்டைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டிருக்கான். ‘மூணாவது தடவை விடறேன். திருப்பிக் கேட்டா கொடுக்காதீங்க அண்ணா.’

— அடப் பாவமே. இதுக்குத்தானே திட்டமே! ‘பேர் வேணாம், கேள்வி வேணாம், போட்டுட்டுப் போ.’ அந்தப் போஸ்டரை எழுதினது யாரு? நான்தானே?

— நல்லாத்தான் எழுதினீங்க. முதல் மாசம் மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துப் பதினாலு. அப்புறம் யாரோ வகுப்புக்கு ஒரு பெட்டி வெச்சு, அதிகமா போடற வகுப்புக்குக் கேடயம்னு அறிவிச்சுட்டாங்க.

— யாரோ என்ன யாரோ, நான்தான். போட்டின்னு வெச்சாத்தான் நம்ம பசங்க அசைவாங்க. பழைய பேப்பர் சேகரிச்சப்போ ஒரு லாரி நிறைஞ்சுதே, மறந்துட்டீங்களா?

— எப்படி மறப்பேன்? பாதிப் பேர் அன்னைக்குக் காலைல வந்த பேப்பரைக் கொண்டாந்தாங்க. எங்க வீட்டுல நான் ராசிபலன் கூடப் படிக்கல.

— விஷயத்துக்கு வாங்க.

— ஆறாவது பி-யில முப்பத்தோரு பேர். பெட்டியில நாப்பத்தேழு. ஒவ்வொண்ணா பிரிச்சு, பேட்டரியில டேப் ஒட்டி, மண்வாளியில போடறது லேப் அட்டெண்டரான என் வேலை. அதான் கவனிச்சேன். இதுல முக்காவாசிக்கு முனையில ஒட்டின காகிதம்கூடப் பிரிக்கல.

— ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும். ஊதலைன்னா நல்லதுதானே?

— கேடயத்துக்காகப் புதுசா வாங்கிப் போடறாங்க மேடம். இதுக்கு முன்னாடி இதை விக்கற கடை எந்தப் பக்கம்னுகூடத் தெரியாத பசங்க.

— சரி. போட்டியை நிறுத்திடலாம். நாளையில இருந்து கிடையாது. போதுமா?

— போதாது. இந்த ஊதாக் கலரைப் பாருங்க. அடியில நம்பர் இருக்கு. அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு, அறுபத்துநாலு, அறுபத்தஞ்சு. ஒரே அட்டைப்பெட்டியில அஞ்சு வரும். அந்த அட்டைப்பெட்டியும் உள்ளதான் கிடந்துச்சு.

— அறுபத்துமூணு?

— இல்ல.

— இன்னொரு தடவை எண்ணுங்க.

— மூணு தடவை எண்ணிட்டேன்.

— மண்வாளியில? மேஜைக்கு அடியில? வேற வகுப்புப் பெட்டியில மாத்திப் போட்டிருக்கலாம். நல்லாத் தேடினீங்களா தம்பி?

— வாளியைக் கவுத்தே பார்த்துட்டேன். யாருக்கு மேடம் போன் பண்றீங்க? இருங்க, நான் பயப்படறதைச் சொல்றேன். பதினோரு வயசுப் பிள்ளை. கையில அஞ்சு இருக்கு. அஞ்சையும் போடத்தான் எடுத்துட்டு வருது. ஒண்ணே ஒண்ணு எப்படித்தான் இருக்கும்னு பார்ப்போமேன்னு தோணியிருக்கும். இந்தச் சரக்குல ஒண்ணை முழுசா இழுத்தா, அவ்வளவு நிக்கோட்டினை அந்தச் சின்ன உடம்பு தாங்காது.

— பேர் கேக்க முடியாதே. வாக்கு கொடுத்திருக்கோமே.

— கேட்டா பன்னெண்டாவதுக்காரன் நாலாவது தடவை விட வர மாட்டான். அதனாலதான் கடைக்குப் போய் விசாரிச்சேன். பசங்களுக்கு ஒண்ணு ரெண்டுதான் மறைச்சுக் கொடுப்பானாம். முழு அட்டைப்பெட்டின்னா பெரியவங்க நேர்ல வரணுமாம். எந்தப் புண்ணியவதி வாங்கிக் கொடுத்துதோ! கையில பை, கழுத்துல அடையாள அட்டை, ‘பள்ளிக்கூடத் திட்டத்துக்கு’ன்னு சொல்லி ரசீது கேட்டாங்களாம். மேடம்? ஏன் உக்காந்துட்டீங்க?

— நான் நடத்தற போட்டியில என் பொண்ணோட வகுப்பு தோத்துடக் கூடாதுன்னுதான் வாங்கிக் கொடுத்தேன் தம்பி. இன்னைக்குக் காலைல இருமல்னு சொன்னா, லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டு, வீட்டுல தனியா விட்டுட்டு வந்தேன். மத்தியானத்துல இருந்து போனை எடுக்க மாட்டேங்கறா.