அறுபத்து மூன்று செங்கற்கள்

நடுநாற்காலியை நிறைத்து அமர்ந்து, நான் வாய் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் தலைவர் சத்தியதாஸ் அவர்களே, தம்பானூர் முதல் கிழக்கேகோட்டை வரை கடை விரித்துக் காலூன்றி நிற்கும் வணிகப் பெருமக்களே, ஆன்றோரே, அனைத்திற்கும் மேலாக, என்னை ஒருநாள் காலை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டு மனிதனாக்கிய தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் மாவு மில் கோமதிநாயகத்தின் வணக்கம்.

தொழில் உனக்கு என்ன கற்றுத் தந்தது என்று கேட்கிறார்கள். தொழில் எனக்கு மூன்றே மூன்று சொல் கற்றுத் தந்தது. அந்த மூன்று சொல்லைக் கற்க எனக்கு அறுபத்து மூன்று செங்கல் தேவைப்பட்டது. ஆமாம் ஐயா, நாயன்மார் கணக்குத்தான். எண்ணியே சொல்கிறேன்.

ஆண்டு தொண்ணூற்றெட்டு. சங்கரன்கோவிலிலிருந்து பொங்கல் முடிந்த கையோடு மனைவி ஆவுடைத்தாயையும் ஒரு பழைய அரைவை இயந்திரத்தையும் அழைத்துக்கொண்டு இந்த மலையாள நகருக்கு வந்தேன். ஆற்றுகால் போகும் வழியில் ஒரு சந்தில் கடை. என் மாமனார் விடை கொடுக்கும்போதே சொன்னார்: "மூணு மாசம் பாப்பேன் மாப்ள. ஓடலேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். நம்ம உரக்கடையில மூட்டை எண்ண ஆளில்ல." உர மூட்டை எண்ணவா உலகில் பிறந்தேன்? பிண்ணாக்கு நாற்றத்திலா என் பேச்சாற்றல் பிழைக்கும்?

ஆனால் மில் ஓடவில்லை என்று எவராவது சொன்னால் நான் மறுப்பேன். ஓடியது. சுவிட்சைப் போட்டால் மூலையிலிருந்து வாசல்வரை ஓடியது. அடியில் மேடை இல்லை, அதனால் குதித்தது. குதிக்கும் மில்லில் மாவு எப்படி மசியும்? ஓர் அம்மா வந்து, மாவு தரிதரியா இருக்கு என்றார். உங்கள் சல்லடையைப் பாருங்கள் என்றேன். இன்னொருவர் வந்தார். உங்கள் அரிசியைப் பாருங்கள் என்றேன். மூன்றாமவரிடம் அவருடைய பல்லைப் பார்க்கச் சொன்னேன். நான்காமவர் வரவில்லை.

யாரது, தாணுமாலையன் அண்ணாச்சியா? செங்கல் எங்கே என்கிறார். வருகிறது அண்ணாச்சி, மூன்று மூன்றாக வருகிறது.

கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், ஒரு காலை கதவைத் திறக்கிறேன், வாசலோரம் மூன்று செங்கல். மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் பதினைந்து. கேட்பாரில்லை, காவலில்லை. மேல் முகத்தில் சாக்கட்டியால் மலையாளத்தில் ஏதோ எழுத்து. சூளைக்காரன் அடையாளம் என்று முடிவு கட்டினேன். ஆவுடைத்தாய், "யாருதுன்னு நாலு பேர்ட்ட கேட்டுட்டு எடுங்க" என்றாள். நானா கேட்பவன்? தருவது தெய்வம், தடுப்பது நீயா என்று தொடங்கி அரைமணி நேரம் முழங்கினேன். அவள் பாதியிலேயே தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். ஐந்து நாளில் சேர்ந்தன அறுபத்து மூன்று. சிமெண்டு குழைத்தேன், மேடை கட்டினேன், மில்லை ஏற்றினேன். அசையவில்லை.

ஆறாம் நாள் விடியற்காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் இருபத்தொரு பெண்கள். இடுப்பில் பானை, கையில் விறகு, கண்ணில் கனல்.

இங்கே முன்வரிசையில் இப்போதே சிரிக்கிறீர்கள். அன்று எனக்கு மட்டும்தான் தெரியாது. அது ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் பொங்காலை நாள். ஊர்ப் பெண்கள் எல்லாம் தெருவில் அடுப்பு மூட்டும் நாள். இடம் பிடிக்க மூன்று செங்கல்லில் பேரெழுதி முன்கூட்டியே வைப்பது இந்த ஊர் வழக்கம். நான் ஒரு தெருவின் அடுப்பையெல்லாம் கட்டி அதன்மேல் மில்லை உட்கார வைத்திருந்தேன்.

முன்னால் நின்றவர் தங்கபாய் அக்கா, தமிழ் பேசும் பாறசாலைக்காரர். உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, அந்தா இருக்கது எனக்க பேராக்கும். பூசாம விட்ட எடத்துல நல்லா தெரியுது. பத்தரைக்குள்ள அடுப்புல தீ கத்திக்கணும், இண்ணைக்கு இந்த ஊர்ல வேற கல்லு கிட்டாது. நான் எங்க வச்சு பொங்க?"

என் நாக்கில் நூறு பதில் நின்றது. மாநகராட்சியைக் கேளுங்கள், மழையைக் கேளுங்கள் என்று வரிசையாக வந்தது. ஆனால் அந்தப் பானையைப் பார்த்தேன். ஆண்டு முழுதும் காத்திருந்து வந்த பானை. வெட்கமாக இருந்தது, தோழர்களே. என் வாழ்நாளில் முதல் முறையாகச் சொன்னேன்: "அக்கா, தப்பு என் மேலதான்."

ஆவுடைத்தாய் உள்ளிருந்து ஓடி வந்து, எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளே கடப்பாரையை எடுத்துத் தந்தாள்.

இடித்தேன். கட்டியது ஒரு நாள், இடித்தது மூன்று மணி நேரம். ஒன்பது கல் உடைந்தது. வாசற்படியைப் பெயர்த்து ஒன்பது கொடுத்தேன். பத்து மணிக்கு இருபத்தொரு அடுப்பும் தயார். மில் மறுபடி தரையில். படியும் இல்லை, குதித்துத்தான் கடைக்குள் போக வேண்டும்.

பிற்பகலில் கோயில் பூசாரிகள் வந்து பானைகளில் தீர்த்தம் தெளித்தார்கள். பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கல்லை எடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்: "அக்கா, கல்லு, கல்லு." தங்கபாய் அக்கா திரும்பிப் பார்த்தார். "பொங்கியாச்சுல்லா, இனி கல்லு என்னத்துக்கு? வேணும்னா எடுத்துக்கிடும். நேத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."

சந்து நெடுகக் கல். தெரு நெடுகக் கல். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால், ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மேடை என்ன, நான் மாடியே கட்டியிருப்பேன்.

இந்த முறை கேட்டுவிட்டு எடுத்து, மேடையை மறுபடி கட்டினேன். மறுவாரம் தங்கபாய் அக்கா பச்சரிசியோடு வந்தார். "தரி இருந்தா சொல்லுவேன், கேட்டேரா?" என்றார். "சொல்லுங்க அக்கா, திருப்பி அரைச்சுத் தாரேன்" என்றேன். அவர் பின்னால் இருபது பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் என் மாமனார் பெட்டியோடு என்னைக் கூட்டிப்போக வந்தார். வாசலில் கூட்டம், நுழைய வழியில்லை. "மாப்ள" என்று குரல் கொடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் தங்கபாய் அக்கா அவரைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார்: "வரிசையில நில்லும் ஓய். உமக்கு மட்டும் என்ன அவசரம்?" முக்கால் மணி நேரம் நின்றார். உள்ளே வந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அரிசி கொண்டு வரலையே" என்றார்.

வணிகப் பெருமக்களே, முதல் இருந்தால் கடை திறக்கலாம், மூளை இருந்தால் கடை நடத்தலாம். தப்பு என் மேலதான் என்று சொல்ல நா இருந்தால்தான் ஆள் வரும், ஆள் வந்தால்தான் அது கடை. தலைவர் மூன்றாம் முறையாக மணியைத் தொடுகிறார். பத்து நிமிடம் என்றீர்கள், இருபது பேசிவிட்டேன். தலைவரே, தப்பு என் மேலதான். பொறுத்துக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்.