இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்

— மணி மூணு இருபது சார். நாலு மணிக்கு இதே வண்டிய வேற ஒருத்தருக்குச் சொல்லியிருக்கு. ஓப்பனா சொல்றேன், பாலம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத் திரும்பிடலாம்.

— போன வருஷம் ஏரி வரைக்கும் விட்டீங்களே மிஸ்டர்.

— போன வருஷம் நீங்க வாங்கிடுவீங்கன்னு நெனச்சேன் சார்.

— பின்னாடி சிரிப்பப் பாருங்க. ஏம்மா, கதவ நல்லாச் சாத்தினியா?

— இருங்க, காலு இன்னும் வெளியில இருக்கு. ம். இப்பச் சாத்திட்டேன்.

— மேடம், முன் சீட்ட இன்னும் கொஞ்சம் நகத்தட்டுமா?

— வேணாம் தம்பி. இந்த முட்டிய முழுசா நீட்ட இடம் கெடைக்கறது இந்த வண்டியிலதான். வருஷத்துக்கு ஒரு தடவ, அரை மணி நேரம்.

— நாலு தடவ டெஸ்ட் டிரைவ் வந்த ஒரே கஸ்டமர் சார்தான் மேடம். ஷோரூம்ல பட்டப் பேரே வச்சுட்டாங்க.

— என்ன பேரு?

— வேணாம் சார்.

— சும்மா சொல்லுங்க மிஸ்டர்.

— 'அடுத்த மாடல்.'

— பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க தம்பி.

— சிரிங்க, சிரிங்க. கணக்கு சிம்பிள். இந்த வண்டி ஷோரூம் வாசலத் தாண்டின அன்னைக்கே விலையில பத்துல ஒரு பங்கு போச்சு. மூணு வருஷத்துல பாதிக்குப் பக்கம் வந்துடும். அந்தப் பாதிய நான் ஏன் குடுக்கணும்? புது மாடல் வரட்டும், இது பழசாகட்டும், விலை விழட்டும். அன்னைக்குப் போய் நிக்கறவன்தான் கெட்டிக்காரன்.

— நீங்க சொல்றது சரிதான் சார். ஓப்பனா சொல்றேன், அந்த நாள் இதுதான். புது மாடல் மார்ச்ல வருது. இதுல மூணே வண்டி மிச்சம். முப்பதாம் தேதி வரைக்கும் இந்த விலை. இதுக்குக் கீழ எறங்காது.

— மார்ச்ல எறங்கும்.

— மார்ச்ல வண்டியே இருக்காது சார்.

— புதுசு இருக்காது. மூணு வருஷம் ஓடினது இருக்கும். புது மாடலப் பாத்ததும் அவனவன் பழச மாத்தறதுக்குக் கொண்டு வந்து வரிசையா நிப்பாட்டுவான். நோட்டுல தேதியோட எழுதி வச்சிருக்கேன் மிஸ்டர். நாலு வருஷம் பொறுத்ததுல எவ்வளவு மிச்சம்னு காட்டட்டுமா?

— அந்த மிச்சத்துல என்னால ஏறி உக்கார முடியலையேங்க.

— சார், அந்தத் தண்ணி லாரிய முன்னால விட்டுடுங்க.

— பாத்துட்டேன். முப்பது வருஷமா இன்சூரன்ஸ் சர்வேயர் மிஸ்டர். இடிச்ச வண்டியாப் பாத்தே தலை நரைச்சுப் போச்சு. ரப்பருக்கு இவ்வளவு தேய்மானம், இரும்புக்கு இவ்வளவு தேய்மானம், கழிச்சுக்கோன்னு எழுதி எழுதி விரலே தேஞ்சிருக்கும். வண்டி விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது.

— ஏங்க, நம்ம பொண்ணுக்கு ஜனவரி.

— தெரியும்மா.

— ஜனவரில என்ன மேடம்?

— பிரசவம் தம்பி. எட்டு மணி நேரம் ரோடு. மாப்பிள்ளைக்கு லீவு கெடையாது, அவளுக்குப் பக்கத்துல யாரும் இல்ல. நான் வந்துடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க சின்ன வண்டியில முட்டிய மடக்கி அரை மணி நேரம் இருக்க முடியல. ரயில் படி ஏற முடியல.

— வாடகைக்குப் பெரிய வண்டி எடுக்கலாம்னு சொன்னேன் மிஸ்டர். கேக்க மாட்டேங்கறா.

— பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வண்டிய நிறுத்துன்னு தெரியாத ஆள்கிட்டக் கெஞ்சிட்டே போகச் சொல்றீங்களா?

— ஓப்பனா கேக்கறேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஜனவரிக்கு வேணுங்கற வண்டிய எதுக்கு மார்ச்ல வாங்கணும்?

— இந்த வண்டிதான் வாங்கித் தரேன்னு சொன்னதே நான்தான் மிஸ்டர். நாலு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து, கார்ல இருந்து எறங்க முடியாம இவ அழுத அன்னைக்கு. மறக்கல. வாங்கறத நல்லதா வாங்கணும், அவ்வளவுதான். அவசரப்பட்டா நீங்க ஜூன்ல தள்ளிவிடப் பாத்தீங்களே, அந்த மாதிரி வண்டிதான் வந்து சேரும்.

— ஜூன்லயா? நான் எந்த வண்டி சார் சொன்னேன்?

— வீட்டுக்கு போன் பண்ணினீங்களே. நான் வெளியூர்ல சர்வேல இருந்தேன். எனக்கு வர்ற போன் எல்லாம் இவ ஒரு சீட்டுல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடுவா. நான் வந்ததும் அதுக்குக் கீழயே பதில் எழுதிடுவேன். நான் தூங்கி எழுந்திரிக்கறதுக்குள்ள படிச்சுச் சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுவா. முப்பது வருஷமா எங்க வீட்ல இதான் பழக்கம். சண்டையே வந்ததில்ல.

— நேர்ல பேசினாத்தானே தம்பி சண்டை வரும்.

— அந்தச் சீட்டு இன்னும் எனக்குக் கண்ணுல நிக்குது மிஸ்டர். 'தேய்மானம். இடது எண்பது, வலது அறுபது. மாத்தணுமாம். தள்ளிப் போடக் கூடாதாம்.' எண்பது சதவீதம் டயர் தேஞ்ச வண்டி! அதையும் தள்ளிப் போடாம வாங்கணுமாம்! யார்கிட்ட?

— சார், உங்க வீட்டு நம்பரே என்கிட்ட இல்ல. எப்பவும் உங்க செல்லுக்குத்தானே பேசறேன்.

— உங்க ஷோரூம்ல வேற யாராவது பேசியிருப்பாங்க.

— இடது, வலதுன்னு மட்டுமா சார் இருந்துச்சு? முன்னாடியா, பின்னாடியா?

— அது எழுதல.

— வண்டிக்கு நாலு டயர் சார். நாங்க நாலையும் தனித்தனியாத்தான் சொல்லுவோம். ரெண்டே ரெண்டு யாரும் சொல்ல மாட்டாங்க.

— ரெண்டு...

— சார், பச்சை விழுந்துருச்சு. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க. சார்!

— ஏம்மா. அந்த போன் யாரு பண்ணினது?

— போன் இல்லங்க.

— பின்ன?

— அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். முட்டிய எக்ஸ்ரே எடுத்தாங்க. ஆபரேஷன் பண்ணி முட்டிய மாத்தணும்னு டாக்டர் சொன்னத எழுதி ஒட்டினேன். நேர்ல சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரல.

— ஓரமா நிறுத்துங்க சார். மெதுவா. அந்த மருந்துக் கடை முன்னாடி நிறுத்திக்கலாம். நான் வேணும்னா கீழ எறங்கிக்கறேன்.

— நீங்க இருங்க தம்பி. உங்களுக்கு நாலு மணிக்கு வேற ஆள் இருக்கு.

— அவங்களுக்கு போன் பண்ணி அஞ்சு மணின்னு சொல்லிக்கறேன் மேடம்.

— எனக்கு எப்படித் தெரியும்? நீ 'முட்டி'ன்னு ஒரு வார்த்தை எழுதல. தேய்மானம்னா எனக்கு வண்டிதான். வேற என்ன தெரியும் எனக்கு? அதுக்கப்புறம் கால் எப்படி இருக்குன்னு கேட்டேனே. பத்து தடவ கேட்டிருப்பேன்.

— கேட்டீங்க. இருக்கறத வச்சு ஓட்டறேன்னு சொன்னேன். சிரிச்சீங்க.

— மேடம், அந்தச் சீட்டுல சார் கீழ என்னதான் எழுதியிருந்தாரு?

— வேண்டாம்மா. சொல்லாத.

— 'மாத்தற செலவு வீண். இருக்கறத வச்சு இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்.'

— அது வண்டிக்கு எழுதினது.

— நான் அதக் கிழிக்கல. சமையல் அலமாரியில உள்பக்கமா ஒட்டி வச்சிருக்கேன். வலி வந்து மாத்திரைக்கு அலமாரியத் தொறந்தா அதுதான் கண்ணுல படும். முப்பது வருஷமா ஊர் வண்டிக்கெல்லாம் தேய்மானம் கழிச்சவரு, எனக்கும் கழிச்சுட்டாருன்னு நெனச்சுக்குவேன். கோவம் இல்லங்க. கணக்குன்னா கணக்குதானேன்னு.

— அஞ்சு மாசம். அஞ்சு மாசமா இதோடயா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?

— தண்ணி குடிங்க சார். முன்னாடி பாட்டில் இருக்கு.

— மிஸ்டர், மூணு வண்டி இருக்குன்னீங்களே.

— இருக்கு சார். ஓப்பனா சொல்றேன், இப்ப வண்டிப் பேச்சு வேண்டாம். முதல்ல அந்த டாக்டரப் பாருங்க. முப்பதாம் தேதி வரைக்கும் ஒண்ணு உங்க பேர்ல நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு.

— ஏங்க. இங்க திரும்பிப் பாருங்க. அப்ப... அது எனக்கு எழுதின பதில் இல்லையா?