அவனே ஆடட்டும் சார்

...கடைசி வரியைப் படிச்சுப் பாருங்க அண்ணே, அதான் கேக்கறேன். என் பேரு, இனிஷியலோட. அதுக்குக் கீழ "நினைவாக". நினைவாகன்னா செத்துப்போனவனுக்குப் போடறது இல்லையா? நான் உங்க எதிர்லயே நாற்காலியில உக்காந்திருக்கேன். சட்டையை இஸ்திரி போட்டு, பஸ் பிடிச்சு, ரெண்டு மாடி ஏறி, தகடு வெட்டற உங்க கடைக்கு வந்திருக்கேன். நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பு விழா. திரையை இழுத்ததும் தகடுல "நினைவாக"ன்னு இருக்கும், பக்கத்துல நானே நிப்பேன். பாக்கறவன் என்ன நினைப்பான்?

நீங்க வெட்டுங்க, வெட்டுங்க. அந்தப் பல் டாக்டர் போர்டை முடிச்சுட்டே வாங்க. என் தகடுல இன்னும் கை வைக்கலல்ல? பேப்பர்லதான இருக்கு? அது போதும். இந்த மெஷின் சத்தத்துக்கு மேல நான் கொஞ்சம் கத்திப் பேசிக்கிறேன்.

எல்லாம் இந்தப் பதினொண்ணு பண்ற வேலை. பதினொண்ணுன்னா... எங்க காலேஜ் புட்பால் டீம்ல அவன் சட்டை நம்பர். அவனுக்குப் பேரே அதுதான், நிஜப் பேரைச் சொன்னா வாத்தியாருங்களுக்கே தெரியாது. இப்ப பம்பு கம்பெனியில டைரக்டர். படிச்ச காலேஜுக்கு ஏதாவது செய்யணும்னு, ஆட்டக்காரங்க உடை மாத்த ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்திருக்கான். வெந்நீர்க் குழாய் என்ன, ஆளுக்கொரு அலமாரி என்ன... நாங்கள்லாம் சைக்கிள் ஷெட்டுல துண்டைக் கட்டிக்கிட்டு மாத்தினவங்க. சரி, நல்லது பண்றான், பண்ணட்டும். கட்டினவன் தன் பேரை வெச்சுக்க வேண்டியதுதான? மாட்டானாம். என் பேருதான் வெக்கணுமாம். "டேய் பதினாறு, நீ இல்லேன்னா நான் ஏது"ன்னு போன்ல அழறான். அவ்வளவு பெரிய ஆளு அழறப்ப என்ன சொல்ல முடியும்? சரிடான்னேன். அந்தச் சரிதான் இப்ப தகடாகி வருது.

பதினாறு நான்தான். மூணு வருஷம் டீம்ல இருந்தேன், மூணு வருஷமும் பெஞ்சுல. அந்தப் பெஞ்சோட இடது ஓரத்துல ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருக்கும். மத்தவங்க டிராயர் எல்லாம் விழுந்து புரண்டு பக்கவாட்டுல கிழியும், என்னோடது மட்டும் பின்னாடி. "நீ ஓடறியா, உக்காந்திருக்கியா"ன்னு எங்கம்மா கேக்கும்.

தலையாட்டுறீங்க... உங்களுக்குப் புரியுது. எல்லாருக்கும் புரியறதில்ல.

கடைசி வருஷம், பைனல். ரெண்டு பக்கமும் கோல் இல்ல, இருபது நிமிஷம் பாக்கி. பதினொண்ணுக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு. கோட்டோரமா புல்லுல படுத்துக்கிட்டு, முடியலைன்னு கையைக் காட்டுறான். பி.டி. மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "பதினாறு, எழுந்திரு"ங்கறார். நான் எழுந்திருக்கல. "அவனே ஆடட்டும் சார்"னு சொன்னேன். அதான் தகடுல மேல போட்டிருக்கே, முதல் வரி. அது பதினொண்ணு காதுல விழுந்துடுச்சு. தொடையை ரெண்டு தட்டுத் தட்டிக்கிட்டு எழுந்தான். நொண்டிக்கிட்டே ஓடி, கடைசி நிமிஷத்துல அதே கால்ல கோல் போட்டான். பம்பு கம்பெனி பெரியவர் ஒருத்தர் ஆட்டம் பாக்க வந்திருந்தார், மறுவாரமே இவனுக்கு வேலை. ஆட்டத்துக்காக எடுத்த பையன் தொழிலையும் கத்துக்கிட்டு மேல வந்தான். உழைச்சான், அதுல குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு என்ன குறை? முப்பத்தஞ்சு வருஷமா எங்க போனாலும் இந்தக் கதைக்கு ஒரு டீ கிடைக்குது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் சம்சாரம் முதல்ல கதையைத்தான் வெப்பா, அப்புறம்தான் தண்ணி கொண்டு வருவா.

என் பொண்ணு நர்ஸா இருக்கா அண்ணே. எட்டு வருஷம் காத்திருந்து போன வாரம்தான் தலைமை நர்ஸ் பதவி வந்துச்சு. அதை, தன்கூட வேலை செய்யறவளுக்கு விட்டுக்கொடுத்துட்டு வந்து நிக்கறா. பைத்தியமாடி உனக்குன்னு கேட்டேன். "நீங்க அன்னைக்கு செஞ்சதுதானப்பா"ங்கறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. நான் சட்டைப் பட்டனைத் திருகிக்கிட்டு நின்னேன். அது அப்படி இல்லடின்னு சொல்லியிருக்கணும்.

ஏன்னா... மெஷின் ஓடட்டும், நிறுத்தாதீங்க. ஓடறப்பவே சொல்லிடறேன். அது பயம் அண்ணே. மாஸ்டர் எழுந்திருன்னதும் பெஞ்சை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். அத்தனை ஜனம், நான் ஒரு தடவைகூட இறங்காத மைதானம்... வாயில அந்த மூணு வார்த்தை வந்துச்சு. வேற எது வந்திருந்தாலும் அதைச் சொல்லியிருப்பேன். ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் பதினொண்ணைத் தூக்க வந்தாங்க, அவன் ஓடி வந்து என்னைத் தோள்ல தூக்கிட்டான். அவ்வளவு உயரத்துல இருந்துக்கிட்டு எப்படிச் சொல்றது? கீழ இறங்கினதும் சொல்லிடலாம்னு இருந்தேன். இன்னும் இறங்கல.

"நினைவாக" எல்லாம் ஒரு சாக்கு அண்ணே. நான் வந்தது நடு வரிக்கு. "நண்பனுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்த"ன்னு இருக்குல்ல, அதை எடுத்துடுங்க. "பயந்துபோய் எழுந்திருக்காத"ன்னு வெட்டுங்க. நாளைக்கு என் பொண்ணு லீவு போட்டுட்டு முதல் வரிசையில உக்கார வர்றா. படிக்கட்டும். படிச்சுட்டு என்கிட்ட கேக்கட்டும். அந்தப் பதவிக்குத் திங்கக்கிழமைதான் கையெழுத்து, அதுக்குள்ள அவ மனசு மாறலாம். என் மானம் போனா போகட்டும், பொண்ணு அந்த நாற்காலியில உக்காரட்டும்...

நிறுத்திட்டீங்களா? போர்டு முடிஞ்சுதா?

காதுல என்ன அது... பஞ்சா? ரெண்டு காதுலயுமா?

அப்ப இவ்வளவு நேரம் தலையாட்டினது... ஓ, மெஷின் ஆட்டுறதா. நான் வந்ததுல இருந்து ஒண்ணுமே கேக்கலையா?

இல்ல... ஒண்ணுமில்ல. நாளைக்குத் திறக்கிற தகடு, காலேஜுல கொடுத்தது. சின்னத் திருத்தம். பென்சிலா? நானே எழுதணுமா? கொடுங்க... இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

இந்தா, "நினைவாக"வை அடிச்சாச்சு.

நடு வரியா? அது... அதுல எழுத்துப்பிழை எதுவும் இல்ல. இந்தாங்க பென்சில். மிச்சத்தை நீங்களே பாத்துக்கோங்க சார்.