வட்டக் குப்பி

முதல் நாள் மதியச் சாப்பாடு நன்றாக அமைந்துவிட்டால் போதும், பயிற்சி வகுப்பில் அப்புறம் எந்தக் கணக்கையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் பரிமாறிவிட்டுத்தான் நான் பாடத்தைத் தொடங்குவேன். நர்சுகளுக்கு மருத்துவப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பிஜியில் நான் போகாத சுகாதார நிலையம் கிடையாது. விசாரணைக்கென்று வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், மெல்லவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தேநீர் ஆறுகிறது பாருங்கள்.

நுரையீரல் காய்ச்சலில் கைக்குழந்தைகள் போய்க்கொண்டிருந்த காலம். புது மருந்து ஒன்று வந்தது. பழையதைவிட அது மேலா என்று பார்க்க ஒரு சோதனை வைத்தோம். ஒரு மருந்துக் குப்பியில் வட்டம், மற்றதில் முக்கோணம். எதில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், குறி ஒட்டுகிறவள் நான். குழந்தை வந்தால், ஒட்டி அடுக்கிவைத்த உறைகளில் மேலே இருப்பதை நர்சு பிரிக்க வேண்டும். உள்ளே எந்தக் குறியோ அந்த மருந்து. ஆள் பார்த்துக் கொடுத்தால் கணக்கு கெட்டுப்போகும். இதை ஊர் ஊராகச் சொன்னேன். தாய்மாருக்குக்கூட, பானைக்குள் கிளிஞ்சல்களைப் போட்டு, கண்ணை மூடி எடுக்கச் சொல்லி விளக்கினேன்.

விலிமைனா அக்கரைத் தீவில் நர்சு. அவள் ஊரும் என் ஊரும் தௌவூ ஊர்கள். இரண்டுக்கும் ஆதியில் தெய்வம் ஒன்று. அதனால் ஒருவரை ஒருவர் என்ன கேலி பேசினாலும், எதை எடுத்துக்கொண்டு போனாலும், எப்படி ஏமாற்றினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதுதான் முறை.

“வாடி பன்னித் திருடி, உங்க ஊர்ல கிழங்கு முளைக்கலையா, இங்க வந்து நிக்கிற?” என்பாள், என் படகு கரை தட்டியதுமே.

“உன் மூஞ்சியப் பாத்தா பசியே எடுக்காதுன்னாங்க. அதான் வந்தேன்” என்பேன்.

என் செருப்பை அவள் மாட்டிக்கொண்டு போவாள். அவள் வீட்டுப் பாயை நான் சுருட்டிக்கொண்டு வருவேன்.

ஒரு தடவை சொல்லாமல் போய் நின்றேன். சன்னலோரமாக, உறைகளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த குறி நிழலாகத் தெரிந்தது. வட்டம் வாங்கின குழந்தைகள் தேறுவதைக் கவனித்துவிட்டிருக்கிறாள். ரொம்ப முடியாத குழந்தை என்றால் வட்ட உறையைத் தேடி எடுப்பது, தானாகவே தேறிவிடும் என்று தோன்றினால் முக்கோணம். அவள் கவனித்தது சரிதான். புது மருந்து வட்டத்தில்தான் இருந்தது. நான் வந்ததை அவள் பார்க்கவில்லை.

மேலிடத்தில் சொல்லியிருக்கலாம். சோதனை பாழாகியிருக்கும், எங்கள் துறையின் ஆண்டுக் கூட்டத்தில் பேச எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவளைக் கண்டித்திருக்கலாம். தௌவூக்காரியைக் கண்டிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. விளையாடிப் பார்க்கிற வழக்கம் உண்டு. அடுத்து அவள் தீவுக்குப் போன பெட்டியில் குறிகளை மாற்றி ஒட்டினேன். புதியது முக்கோணத்தில், பழையது வட்டத்தில்.

நான் செய்தது அவ்வளவுதான். எடுத்துக் கொடுத்ததெல்லாம் அவள் கை.

முடியாத குழந்தைகளாகப் பார்த்துப் பார்த்துப் பழைய மருந்துக்கு அனுப்பினாள். தேறினவர்களைக் காட்டும் படத்தில் புது மருந்தின் கோடு ஏறிக்கொண்டே போனது, பழையதின் கோடு கீழே கிடந்தது. அவ்வளவு அழகான கோட்டை அதற்குமுன் நான் வரைந்ததில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை போன் செய்தாள்.

“அக்கா, என் தங்கச்சி பிள்ள. மூச்சு இழுக்குது. நான் ஒரு தப்பு பண்ணிட்டிருந்தேன்க்கா, உறையப் பாத்துப் பாத்து எடுத்தேன். அப்புறமா என்ன வேணா பண்ணுங்க. இத மட்டும் சொல்லுங்க, வட்டம்தானே?”

அவள் என்னை அக்கா என்றது அன்றுதான்.

“அதான் ஒளிஞ்சு பாத்துட்டியே, திருட்டுக் கழுத. என்னைய எதுக்குக் கேக்குற?” என்றேன், சிரித்துக்கொண்டே.

அவளும் சிரித்தாள். நிம்மதியாகச் சிரித்தாள். நான் பொய் சொல்லவில்லை என்பதை அந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் பெயர் எபெலி. அடக்கத்துக்குப் போனேன். சாவு வீட்டுக்குப் பாய் கொண்டுபோக வேண்டும் அல்லவா, அவளிடமிருந்து சுருட்டி வந்த பாயையே கொண்டுபோய் விரித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆண்டுக் கூட்டம் நாந்தி நகரத்தில் நடந்தது. தீவுகளிலிருந்தெல்லாம் புள்ளியியல்காரர்கள் வந்திருந்தார்கள். என் கோட்டைத் திரையில் காட்டியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். சோதனையில் உழைத்த நர்சுகளையும் அழைத்திருந்தேன். தேநீர் இடைவேளையில் விலிமைனா கோப்பையோடு பக்கத்தில் வந்தாள்.

“புது மருந்து அவ்வளவு நல்லதுன்னா எங்க எபெலி ஏன் போனான்? அவனுக்கு வட்டம்தானே குடுத்தேன்.”

“நீ சன்னல்ல நின்னு உறையப் பாத்தத நான் பாத்தேன். அப்புறம் வட்டத்துல பழசத்தான்டி வச்சேன். ஏமாந்தியா?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தாள். காலில் கிடந்த என் செருப்பைக் கழற்றி, என் முன்னால் ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வாசலைத் தாண்டிப் போனாள். புகார் கொடுக்கத்தான் போகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எத்தனை குழந்தைகள் என்று கேட்கிறீர்கள். குறி மாற்றினபிறகு பழைய மருந்தில் போனவர்கள், அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்கள் எல்லாரும்தான், எண்ணித் தருகிறேன். குறியை மாற்றினவள் நான், அதை மறைக்கவில்லை. ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், கோபித்துக்கொள்வதும் எங்கள் இரண்டு ஊரிலும் யாரும் செய்யாத காரியம். முறையை மீறினவள் அவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.